எந்த விரல்?

காலை வெயில் உயரமான சன்னல் வழியாகச் சிகிச்சை அறைக் கட்டிலில் சாய்வாக விழுகிறது. அணியில் எல்லோரும் நெட்டையன் என்று கூப்பிடும் கூடைப்பந்து ஆட்டக்காரன் அதில் மல்லாந்து படுத்திருக்கிறான். பாதங்கள் கட்டிலைத் தாண்டி அந்தரத்தில் நிற்கின்றன. ஒன்பது வருடம், ஐந்து தேசம், ஒன்பது அணி. எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் வேர் பிடித்ததில்லை. இங்கேதான் முதல்முறையாக மூன்று வருட ஒப்பந்தம் பேசுகிறார்கள். அதை நம்பி மனைவி நேற்று மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். சுவருக்கு அப்பால் பந்துகள் மரத்தரையில் தொம் தொம்மென்று விழுகின்றன. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பயிற்சியாளர் நிற்கிறார். கண்ணை எடுக்காமல் உள்ளேயே பார்க்கிறார்.

"இடது கால்ல தடுமாறுறீங்களாமே?" என்கிறார் டாக்டரம்மா.

"ஷூ புதுசு. அதான்."

"சரி, கண்ணை மூடிக்கங்க. எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லுங்க."

வலது காலில் அவர் கை ஜில்லென்று படுகிறது, சரியாகச் சொல்கிறான். அவர் இடப்பக்கம் நகரும் செருப்புச் சத்தம் கேட்கிறது. பிறகு ஒன்றுமில்லை. பத்து நாளாகவே அந்தக் கால் மரக்கட்டை மாதிரிதான் இருக்கிறது. மனைவியிடம்கூட அவன் மூச்சு விடவில்லை. சுவருக்கு அப்பால் பந்துகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன.

"பெருவிரல்," என்கிறான்.

"இப்ப?"

"சுண்டுவிரல்." குரல் தெம்பாகவே வருகிறது.

கண்ணைத் திறக்கிறான். டாக்டரம்மா இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டபடி, கட்டிலை விட்டு எட்டவே நிற்கிறார்.

"நான் இன்னும் தொடவே இல்லையே, தம்பி."