அவுட்டானவர் குறுக்கே வந்தால்

பதுளை மைதானத்தில் சொஃப்ட்போல் இறுதியாட்டம் முடிந்திருந்தது. தோற்றுப்போன பூனாகலை அணியின் தர்ஷிகா, மூக்கு சிவக்க அழுதுகொண்டே நடுவர் கதிரேசனிடம் வந்தாள்.

"எங்க டீம்ல ஏற்கனவே அவுட்டான வினோஜா பந்தத் தடுத்ததுக்கு, கடைசி ஓட்டத்துக்கு ஓடுன என்னைய ஏன் சேர் அவுட்டாக்குனீங்க?"

"சட்டம் அப்படித்தாம்மா. வெளியேறுனவங்க குறுக்க வந்தா, ஓடுற புள்ளைக்குத்தான் தண்டனை."

"அப்ப அவங்க என்னதான் சேர் செய்யணும்?"

"பேசாம ஒதுங்கிப் போயிறணும்."

"தர்ஷி, அப்பா ஆட்டோவோட காத்துக்கிட்டு நிக்கிறாரு, வா!" வேலிக்கு அப்பாலிருந்து தாய் கூப்பிட்டாள். நடுவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போனது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், அவளைக் கைக்குழந்தையோடு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் விட்டுவிட்டுப் போன கதிரேசன், மகளுக்கென்று வாங்கிவந்த கொலுசைச் சட்டைப்பைக்குள்ளேயே அழுத்திப் பிடித்தபடி, ஒதுங்கி எதிர்ப்பக்கம் நடந்தார்.