ஐயாவின் வீடு

வால்பாறையில் அப்பா விட்டுப்போன பங்களாவுக்கு ரெஜினா குடிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கதவும் விளக்கும் வீட்டுக்காரரின் குரலுக்குப் பணிகிற வீடு அது. அவள் குரலில் அப்பாவின் ஜாடை இருந்ததால் வீடு அவளை உடனே ஏற்றுக்கொண்டது.

அன்று காலை, அப்பா காலத்திலிருந்தே அங்கே வேலை பார்த்த சமையல்காரி முத்துராக்கு பீங்கான் ஜாடியைக் கை தவறி உடைத்துவிட்டாள். துடைப்பம் எடுக்க ஸ்டோர் ரூமுக்குள் போனவளைப் பார்த்து ரெஜினா ஆத்திரத்தில் கத்தினாள். உடனே கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. உள்ளே விளக்கும் அணைந்தது.

"கதவைத் திற!" என்றாள் ரெஜினா. வீடு கேட்கவில்லை. "ஐயோ, நான் பூட்டலை முத்துராக்கு, என்னை மன்னிச்சிரு!" என்று கதவைத் தட்டி அழுதாள்.

"நீங்க கேட்டா தொறக்காது சின்னம்மா," என்று உள்ளிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "ஐயா கோபப்பட்டா இப்படித்தான் பூட்டிக்கிடும். நான்தான் கேக்கணும்."

பிறகு முத்துராக்கு இருட்டுக்குள்ளிருந்து உரக்கச் சொன்னாள்: "தப்புத்தான் ஐயா, மன்னிச்சிருங்க."

கதவு திறந்தது. ரெஜினாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றே ஆள் வரவழைத்து அந்தக் கதவைக் கழற்றிப்போட்டாள். ஆனாலும் அதற்குப் பிறகு ரெஜினா எது சொன்னாலும், முத்துராக்கு ஒரு காலை நிலைப்படிக்கு வெளியே வைத்துக்கொண்டுதான் கேட்டாள்.