தொடையில் விழுந்த மடிப்பு

சட்டை தைக்க வந்த ஆசிரியையின் இடுப்பில் டேப்பைச் சுற்றும்போது தையல்காரருக்கு மனைவியின் போன் வந்தது. துள்ளிக் குதித்தார்.

“குண்டாயிட்டாளா! தொடையில மடிப்பு விழுந்திருச்சா! ஐயோ, எனக்குத் தலைகால் புரியலையே!”

ஆசிரியை டேப்பைப் பிடுங்கினார். “உங்களுக்கு எவ்வளவு கொழுப்பு! என் அளவை வீட்டுக்கே போன்ல சொல்றீங்களா?”

“ஐயோ டீச்சர், என் பொண்ணும்மா! ஏழாம் மாசமே அவசரப்பட்டுப் பொறந்தவ. உடம்பைச் சூடா வச்சுக்கிற கொழுப்பு இப்பதான் சேர்ந்திருக்காம். இன்னிக்கு ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளிய வர்றா!”

தான் தைத்து வைத்திருந்த உள்ளங்கை அகலச் சட்டையைக் காட்டினார்.

“இது பத்தாதே!” ஆசிரியை தன் புதுத் துணியை நீட்டினார். “என் சட்டை கெடக்கட்டும். முதல்ல குண்டம்மாவுக்கு வெட்டுங்க!”