அண்ணன் இளைத்த கதை

அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் குண்டண்ணன்தான். சாயங்காலம் டீயோடு வரும் கேக்கை முதலில் எடுப்பவர் அவர் என்பது எழுதாத சட்டம். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் தட்டை ஒதுக்கிவிட்டார்.

"என்னண்ணே, திடீர்னு மாப்பிள்ளை ஆகப் போறீங்களா?" என்று சிரித்தாள் பைண்டிங் செய்யும் பெண்.

"இளைக்கணும்மா" என்றார்.

மாதக்கணக்கில் வைராக்கியமாக இருந்தார். சூடான பன் வாசனை மூக்கைத் துளைக்கும்போதெல்லாம் தண்ணீரைக் குடித்துவிட்டு இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொள்வார். அவள்தான் வேண்டுமென்றே முகத்துக்கு நேரே நீட்டி வம்பிழுப்பாள். அவர் எச்சில் விழுங்குவாரே தவிர மசியமாட்டார். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

அப்புறம் ஒரு வாரம் லீவில் போய்த் திரும்பினார். அன்று டீ வந்ததும் யாரும் சொல்லாமலே ஒரு துண்டு கேக்கை எடுத்துக் கடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அப்பாடா, அண்ணன் வழிக்கு வந்துட்டார்! இனிமே இளைக்க வேண்டாமாண்ணே?" என்றாள் அவள்.

"வேண்டாம்மா." மீதிக் கேக்கைத் தட்டிலேயே வைத்தார். "என் தங்கச்சிக்குக் கல்லீரல் கெட்டுப்போச்சு. என்னோடதுல பாதியை வெட்டி வச்சா பொழைச்சுக்குவான்னாங்க. ஆனா என் ஈரல் பூரா கொழுப்பு, இளைச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டார் டாக்டர். லீவு போட்ட அன்னைக்குத்தான் மறுபடி சோதிச்சுப் பாத்து, சரியாயிடுச்சுன்னார்."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அப்புறம் என்னண்ணே?"

"அதைச் சொல்லத்தான் அவ ரூமுக்கு ஓடினேன். காலிக் கட்டிலுக்கு விரிப்பு மாத்திக்கிட்டிருந்தாங்க."