பழைய கையெழுத்து

மதகில் வேலை பார்த்த நண்டின் வலக்கை, பலகை விழுந்து துண்டாகிப் போனது. நஷ்டஈடு கேட்டு இடக்கையால் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தது.

அதிகாரி பச்சோந்தி ஒரு கண்ணால் மனுவையும் மறு கண்ணால் நண்டையும் துருவியது. "வேலையில சேர்ந்தப்போ போட்ட கையெழுத்து இப்படி இல்லையே. நீ அந்த நண்டுதானா?"

"அது வலக்கையால போட்டது, சார். அந்தக் கைதானே போச்சு!"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. பழைய மாதிரியே போட்டுக் கொண்டா."

நண்டு வளைக்குள் பாதிப் பட்டினியாகக் கிடந்தது. மூன்று முறை ஓடு கழற்றிய பிறகு புதுக் கை முழுசாக வளர்ந்தது. ஓடிவந்து பழைய கையெழுத்தை அப்படியே போட்டது.

பச்சோந்தி முதல்முறையாக இரண்டு கண்களையும் ஒரே இடத்தில் வைத்தது.

"கையெழுத்து சரியா இருக்கு. கையும்தான் இருக்கு. அப்புறம் எதுக்குய்யா நஷ்டஈடு?"