லொறிக்கு உப்புப் பார்த்தல்

ஜேர்மனியின் பீலெஃபெல்டில், லொறி கழுவும் கொட்டகையின் வெள்ளை வெளிச்சத்தில், உருத்திரமூர்த்தியின் இரண்டு கால்கள் மட்டும் லொறிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பனியை உருக்க வீதியில் கொட்டும் உப்பு போன மாரியில் லொறியின் ஏறுபடியைத் தின்று தீர்த்தது. காலை இழுத்திராவிட்டால் சப்பாத்தையும் தின்றிருக்கும் என்று அவர் கோயிலில் வைத்தே சொல்லியிருக்கிறார். இன்னும் ஓர் ஓட்டை கண்டால் லொறி வீதிக்கு வராது என்று பரிசோதகர் முடிவாகச் சொல்லிவிட்டார். துருவைத் தடுக்கும் கொழுப்பு வாளி நிறையக் காத்திருக்கிறது. உப்பின் மேல் அதைப் பூசினால், உப்பு உள்ளேயே குடியிருந்து இரும்பைத் தின்னும். மூன்று முறை கழுவியாயிற்று. சொட்டும் தண்ணீர் அவர் நெற்றித் திருநீற்றைக் கரைக்கிறது. அவர் அடிச்சட்டத்தில் விரலைத் தேய்த்து நாக்கருகே கொண்டுபோகிறார்.

“இண்டைக்கு வெள்ளியெல்லோ. உங்களுக்கு விரதம்,” என்கிறாள் பக்கத்தில் நிற்கும் மனைவி ரஞ்சினி.

விரல் அந்தரத்தில் நிற்கிறது. “அப்ப, காலமை இடியப்பம் சாப்பிட்ட நீர் பாரும். சொதிக்கு உப்புப் பாக்கிற மாதிரித்தான்.”

ரஞ்சினி கையுறையைக் கழற்றுகிறாள். குனிந்து, சட்டத்தைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுகிறாள். கால்கள் அசையாமல் காத்திருக்கின்றன.

“இன்னும் கிடக்கு.”

தண்ணீர்க்குழாய் நாலாம் முறை சீறுகிறது.