விரல் படாத விசை

ஒரு பையனைச் சுட்ட இன்ஸ்பெக்டர் கலியமூர்த்தி, துப்பாக்கியின் தேய்ந்துபோன விசை தானாக இறங்கிவிட்டது என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார். ஆய்வகத்தில் ரெஜினா அந்தக் காலித் துப்பாக்கியைக் காலையிலிருந்து வதைத்துக்கொண்டிருந்தாள். ரப்பர் பாயில் போட்டாள், சுத்தியலால் தட்டினாள். பிளாஸ்டிக் உடம்பெல்லாம் கீறல். விசை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. விரல் வைத்து இழுத்தால்தான் 'டிக்' என்றது. அப்படி இழுத்தபோதெல்லாம், வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனின் அப்பாவுக்குத் தோள் தூக்கிப்போட்டது. கண்ணாடிக் கதவு வழியே அதைப் பார்த்த பிறகு ரெஜினா இழுப்பதை நிறுத்திவிட்டாள்.

"பழசும்மா இது. ஒரே ஒரு வாட்டி தானா விழுந்துச்சுன்னாப் போதும்," என்றார் மேஜைக்கு எதிரே நின்ற கலியமூர்த்தி.

"விழமாட்டேங்குது சார். அன்னிக்கு எப்படிப் பிடிச்சிருந்தீங்க?" ரெஜினா மேலே உள்ள ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, சுடுவதற்குத் தயாரான காலித் துப்பாக்கியை அவரிடம் கொடுத்தாள்.

அவர் வாங்கிச் சுவரை நோக்கி நீட்டினார்.

"இப்படித்தாம்மா. சத்தியமாச் சொல்றேன், ட்ரிக்கர்ல நான் விரலே வைக்க..."

'டிக்' என்றது.

கலியமூர்த்தி குனிந்து தன் கையைப் பார்த்தார். வெளியே அந்தத் தோள் தூக்கிப்போட்டது.